வீட்டு ஊடகக் களஞ்சியமும் ரவுட்டரின் கொள்ளளவும்



பொருளைத் தேடுவதற்கு மனிதன் எத்துணை முயற்சி செய்கின்றானோ, அத்துணை முயற்சியைத் தேடிய பொருளை வைத்துக் காப்பதற்கும் செய்தல் வேண்டும். நெல் விளைந்தாற் போதாது. அதனைக் கொட்டிவைக்கக் களஞ்சியம் வேண்டும். களஞ்சியம் இருந்தாலும் போதாது. அது ஈரம் ஏறாததாயும், எலி புகாததாயும், விளைவின் அளவுக்கு ஏற்றதாயும் இருத்தல் வேண்டும். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இன்று நம் வீடுகளிலே புதியதொரு விளைச்சல் பெருகிவருகின்றது. திருமணப் படங்கள், பிள்ளைகளின் பாடசாலை விழாக் காட்சிகள், விரும்பிச் சேர்த்த பாடல்கள், பழைய ஒலிநாடாவிலிருந்து பெயர்த்தெடுத்த பாட்டனாரின் குரல், இப்பொழுது நம்மிடையே இல்லாத பாட்டியார் சொன்ன கதை ஆகிய யாவும் எண்களாக மாறிக் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் குவிந்து கிடக்கின்றன. இவற்றை ஓரிடத்திற் சேர்த்து வைத்து, வீட்டிலுள்ளோர் எவரும் தத்தம் அறையிலிருந்தே காணவும் கேட்கவும் வழிசெய்தால் எவ்வளவு நன்று! அவ்வாறு வழிசெய்யும் அமைப்பையே பல்லூடகச் சேவையகம் என்கின்றோம்.

இதற்கெனத் தனிக்கணினி ஒன்றை வாங்காது, இணையத் தொடர்புக்காக வீட்டிலே ஏற்கெனவே இருக்கும் ரவுட்டரையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்னும் எண்ணம் பலருக்கு எழுகின்றது. அது இரவும் பகலும் விழித்திருக்கின்றது. சிறிதளவு மின்சாரத்தையே உண்கின்றது. அதன் முதுகிலே யூஎஸ்பித் துவாரம் ஒன்றும் இருக்கின்றது. அதிலே ஒரு வன்தட்டைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது அன்றோ என்று கேட்பார்கள். எண்ணம் நல்ல எண்ணமே. ஆனால், விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது பழமொழி. ரவுட்டர் என்னும் இச்சிறு விரல் எவ்வளவு வீக்கத்தைத் தாங்கும் என்பதை இன்று நாம் சற்று ஆராய்வோம்.

முதலில் ரவுட்டரின் தொழில் யாது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். தபாற் கந்தோரிலே கடிதங்களைத் தரம்பிரித்து அனுப்பும் ஊழியரை நீங்கள் அறிவீர்கள். கடிதம் வருகின்றது, முகவரியைப் பார்க்கின்றார், உரிய பையிலே போடுகின்றார், அடுத்த கடிதத்தை எடுக்கின்றார். எந்தக் கடிதத்தையும் அவர் தம்மிடம் வைத்திருப்பதில்லை. ஆகவே, அவருக்கு வேண்டியது ஒரு மேசையேயன்றிப் பண்டகசாலை அன்று. ரவுட்டரும் அத்தகைய ஊழியரே. தகவற் பொதிகளை வாங்கி வழிப்படுத்தி விடுவதே அதன் கடமை. வழிச்செலுத்தி என்று நமது பாடநூல்கள் அதற்குப் பெயரிட்டதும் இக்காரணம் பற்றியே. அதனைப் படைத்தோர் அதற்கு ஒரு சிறு மேசையை மாத்திரமே கொடுத்தனர். அம்மேசையின்மேல் நாம் நமது வீட்டுப் பண்டங்களை ஏற்ற முற்படும்போதுதான் கொள்ளளவு என்னும் பிரச்சினை எழுகின்றது.

இம்முயற்சிக்கு ஒரு வரலாறும் உண்டு. 2002 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரவுட்டரை வெளியிட்டது. அதனுள்ளே இயங்குவது லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையே என்பது அடுத்த ஆண்டிலே வெளியாயிற்று. லினக்ஸின் உரிமப்படி அதனைத் தழுவிச் செய்யப்படும் மென்பொருளின் மூலநிரலைப் பொதுமக்களுக்கு வழங்குதல் கட்டாயம். அவ்வாறு 2003 இல் வழங்கப்பட்ட மூலநிரலைக் கொண்டு ஆர்வலர் பலர் தத்தம் விருப்பப்படி ரவுட்டரைத் திருத்தியமைக்கத் தலைப்பட்டனர். 2004 இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் கட்டற்ற முறைமை தோன்றியது. ரவுட்டரும் ஒரு சிறு கணினியே. அதற்கு வேறு வேலைகளையும் கற்பிக்கலாம் என்பதை அது உலகுக்குக் காட்டிற்று. கோப்புக் களஞ்சியமாகவும், அச்சுப்பொறியைப் பகிர்வதாகவும், ஊடகச் சேவையகமாகவும் ரவுட்டர்கள் உருமாறின. ஆனால் அறிவைக் கற்பித்தாலும் வயிற்றைப் பெருப்பிக்க முடியவில்லை.

ரவுட்டருக்கு வைப்பிடங்கள் மூன்று உண்டு. அதனுடனேயே பிறந்த பளிச்சீட்டு நினைவகம் ஒன்று. ராம் என வழங்கும் வேலை நினைவகம் மற்றொன்று. நாம் புறத்தே செருகும் வன்தட்டு மூன்றாவது. இம்மூன்றின் இயல்பும் வெவ்வேறு. ஒன்றின் குறையை மற்றொன்றின் குறையாக மயங்குவதாலேயே பல இடர்கள் நேருகின்றன. ஆதலின் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது பளிச்சீட்டு நினைவகம். மின்சாரம் நின்றாலும் எழுதியது அழியாது நிற்கும் நினைவகம் இது. ரவுட்டரை இயக்கும் மென்பொருளும், நாம் செய்த அமைப்புகளும், கடவுச்சொற்களும் இதிலேதான் உறைகின்றன. மேற்கூறிய டபிள்யூஆர்டி54ஜியின் புகழ்பெற்ற பதிப்புகளில் இதன் அளவு 4 மெகாபைற்று. இன்றும் மலிவான பல ரவுட்டர்களில் 8 அல்லது 16 மெகாபைற்றே காணப்படும். விலைகூடியவற்றில் 128 மெகாபைற்றோ அதற்கு மேலோ இருக்கும்.

இது பெரிதா, சிறிதா? 1956 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் உலகின் முதலாவது வணிக வன்தட்டுத் தொகுதியை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் கொண்ட அப்பெருங் கருவி ஏறக்குறைய ஒரு தொன் நிறையுடையது. அது கொண்ட எழுத்துகள் 50 இலட்சம். இன்றைய அளவையிற் கூறின் 3.75 மெகாபைற்று. ஆக, ஒரு தொன் இயந்திரம் தாங்கியதை இன்று விரல் நகத்தளவான சில்லு ஒன்று தாங்குகின்றது. அந்நோக்கிற் பார்த்தால் 4 மெகாபைற்று பெரிதே.

ஆனால் நமது தேவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செம்மையான காட்சித் தெளிவுள்ள ஒரு திரைப்படம் செக்கனுக்கு 8 மெகாபிற்று வீதம் ஓடுவதாகக் கொள்வோம். 8 பிற்று சேர்ந்தது ஒரு பைற்று. எனவே அப்படம் செக்கனுக்கு ஒரு மெகாபைற்றை விழுங்குகின்றது. 16 மெகாபைற்று நினைவகம் முழுவதும் வெறுமையாக இருந்தாலுங்கூட, அதிலே அடங்குவது 16 செக்கன் படம் மாத்திரமே! 4 மெகாபைற்றில் அடங்குவது, செக்கனுக்கு 128 கிலோபிற்று வீதம் சுருக்கிய எம்பி3 பாடல் ஒன்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுவேயன்றோ? ஆகவே, ரவுட்டரின் உள்நினைவகத்திற் பாடலையோ படத்தையோ வைக்கலாம் என்னும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடல் வேண்டும்.

படத்தை வேண்டாம், சேவையக மென்பொருளையாவது அதிலே வைக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கும் இடுக்கண் உண்டு. மினிடிஎல்என்ஏ என்பது ரவுட்டர்களுக்கு ஏற்ற எளிய ஊடகச் சேவையகம். அது சிறியதே. ஆனால் படக்கோப்பின் தன்மையை அறிய ஒரு நூலகம், நிழற்படத்தைப் படிக்க ஒரு நூலகம், பாடலின் பெயரை அறிய ஒரு நூலகம், அட்டவணையை எழுத ஒரு தரவுத்தள நூலகம் என அது துணைகள் பலவற்றை அழைத்துக்கொண்டே வருகின்றது. ஒருவரை விருந்துக்கு அழைக்க அவர் தம் சுற்றத்துடன் வந்து நிற்பது போன்றது இது. 4 மெகாபைற்று வீட்டிலே இவ்விருந்தினருக்கு இருக்க இடமில்லை. 8 மெகாபைற்று வீட்டிலும் மிகுந்த நெருக்கடியே.

இங்கே ஒரு விந்தையையும் கூறல் வேண்டும். இடம் போதாதபோது வேண்டாத மென்பொருளை நீக்கினால் இடம் கிடைக்கும் என்பதே உலக வழக்கு. ஓப்பன்டபிள்யூஆர்டி முறையில் இவ்வழக்குப் பலிப்பதில்லை. அதிலே பளிச்சீட்டு நினைவகம் இரு பிரிவாக வகுக்கப்பட்டிருக்கின்றது. ஒன்று, அழுத்திச் சுருக்கி முத்திரையிட்ட பகுதி. படிக்கலாமேயன்றி மாற்ற இயலாது. மற்றொன்று, அதன்மேல் விரித்த மெல்லிய தாள் போன்ற பகுதி. நமது மாற்றங்கள் யாவும் இத்தாளின்மேலேயே எழுதப்படுகின்றன. உடன்வந்த மென்பொருளொன்றை நீக்கும்போது கீழேயுள்ள அச்சு அழிவதில்லை. “இது நீக்கப்பட்டது” என்னும் குறிப்பொன்று தாளின்மேல் எழுதப்படுகின்றது; அக்குறிப்பும் சிறிது இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. ஆகவே, நீக்க நீக்க இடம் கூடாது, குறையவுங்கூடும். இதனை அறியாதார் பல மணிநேரத்தை வீணாக்குகின்றனர். வேண்டாதவற்றை விலக்கிய முறைமைக் கோப்பொன்றைப் புதிதாக ஆக்கி ஏற்றுதலே இதற்கு உரிய வழி.

பளிச்சீட்டு நினைவகத்துக்கு ஆயுள் வரையறையும் உண்டு. கரும்பலகையில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கு முழுப் பலகையையும் துடைத்தெழுதுவது போல, இதிலே சிறு மாற்றமொன்றைச் செய்யவும் ஒரு தொகுதி முழுவதையும் அழித்தல் வேண்டும். ரவுட்டர்களில் வழங்கும் சில்லு வகைகளுள் ஒவ்வொரு தொகுதியும் ஏறக்குறைய 1,00,000 தடவை இவ்வாறு அழித்தெழுதலைத் தாங்குவதே பொதுவிதி. எப்போதாவது கடவுச்சொல்லை மாற்றுவோருக்கு இது வாழ்நாள் முழுதும் போதும். ஆனால் நிமிடந்தோறும் குறிப்பெழுதும் சேவையகமொன்றின் அட்டவணையை இதிலே வைத்தால், பலகை விரைவில் தேய்ந்துபோகும். தேய்ந்தால் மாற்ற இயலாது. அது மின்பலகையோடு ஒட்டப்பட்டது.

நேயர்களே, இனி இரண்டாவது வைப்பிடமாகிய வேலை நினைவகத்துக்கு வருவோம். தபால் ஊழியரின் மேசைப்பரப்பு என்று நான் கூறியது இதனையே. மின்சாரம் நின்றவுடன் இதிலுள்ளது யாவும் துடைக்கப்பட்டுவிடும். பழைய ரவுட்டர்களில் இது 16 அல்லது 32 மெகாபைற்று. இன்று 128, 256 எனக் கூடியிருக்கின்றது. பளிச்சீட்டு நினைவகம் தேயாதிருக்கும் பொருட்டு, அடிக்கடி மாறும் கோப்புகளை இம்மேசையின் மீதே வைப்பது ரவுட்டர் முறைமைகளின் வழக்கம். ஓப்பன்டபிள்யூஆர்டியில் மினிடிஎல்என்ஏயின் அட்டவணையும் நாம் மாற்றாவிடின் இங்கேயே எழுதப்படுகின்றது.

இதனால் இரு விளைவுகள் நேருகின்றன. ஒன்று: ரவுட்டர் நின்று மீண்டும் இயங்குந்தோறும் அட்டவணை அழிந்துபோகின்றது. சேவையகம் வன்தட்டு முழுவதையும் முதலிலிருந்து துருவி, ஒவ்வொரு பாடலையும் படத்தையும் பதிவுசெய்ய வேண்டியதாகின்றது. ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள வீட்டில் இது நெடுநேரம் பிடிக்கும் வேலை. மற்றொன்று: கோப்புகள் பெருகப் பெருக அட்டவணையும், பாடற்றொகுப்புகளின் முகப்புப் படங்களும் மேசையை நிரப்புகின்றன. மேசை நிரம்பியபின் லினக்ஸ் என்ன செய்யும்? இயங்கும் பணிகளுள் ஏதேனுமொன்றை வலிந்து நிறுத்தும். நிற்பது சேவையகமாகவும் இருக்கலாம். இணையத் தொடர்பைத் தாங்கும் பணியாகவும் இருக்கலாம். ஓர் அறையிலே பாட்டுக் கேட்கப் போய், மற்றோர் அறையிலே பிள்ளையின் இணைய வகுப்பு அறுந்துபோகும் விபரீதம் இவ்வாறே உண்டாகின்றது. இடவசதிக் குறை என்று நாம் எண்ணியது இப்பொழுது வீட்டின் தொடர்பையே பாதித்துவிட்டது.

இக்குறையை ஓப்பன்டபிள்யூஆர்டி இயக்கத்தினரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். 2021 செப்டெம்பரில் வெளியான 21.02 பதிப்பிலிருந்து, பளிச்சீட்டு நினைவகம் குறைந்தது 8 மெகாபைற்றும் வேலை நினைவகம் குறைந்தது 64 மெகாபைற்றும் இருத்தல் வேண்டும் என வரையறுத்தனர். இது வெறுமனே ரவுட்டராக இயங்குவதற்கு வேண்டிய அளவு என்பதை மறத்தலாகாது. ஊடகச் சேவையகமாகவும் இயங்க வேண்டின், அதற்கு மேலும் தாராளமாக வேண்டும். வேலை நினைவகம் 128 மெகாபைற்றுக்குக் குறைந்த ரவுட்டரை இப்பணிக்கு வாங்காதிருத்தலே விவேகம்.

மூன்றாவது வைப்பிடம், நாம் புறத்தே செருகும் தட்டு. இங்கேதான் நமது செல்வம் முழுவதும் இருக்கப்போகின்றது. ஒரு தெராபைற்றுத் தட்டு இன்று எங்கும் கிடைக்கின்றது. முன் சொன்ன கணக்கின்படி இரண்டு மணிநேரப் படம் ஒன்றுக்கு 7.2 கிகாபைற்று வேண்டும். எனவே ஏறக்குறைய 138 படங்கள் அதில் அடங்கும் எனக் கணக்கிடலாம். ஆனால் தட்டைச் செருகியதும் கணினி 931 என்றே காட்டுகின்றது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபிக்க வேண்டியதில்லை. செய்வோர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். கணினியோ 1,024 ஆக எண்ணுகின்றது. மரைக்காலுக்கும் கொத்துக்கும் உள்ள வேறுபாடு போன்றதே இது. நெல்லின் அளவு மாறவில்லை. இதற்கு மேல், லினக்ஸின் எக்ஸ்ற்4 முறையில் தட்டை ஒழுங்குசெய்யும்போது, நூற்றுக்கு 5 பங்கு முறைமையின் அவசரத் தேவைக்கென ஒதுக்கப்படுகின்றது. ஒரு தெராபைற்றில் அது 50 கிகாபைற்று. ஏழு படங்களுக்கு உரிய இடம். பாடலும் படமும் மாத்திரம் வைக்கும் தட்டில் இவ்வொதுக்கீட்டைக் குறைத்துக்கொள்வதிற் பிழையில்லை.

அளவைவிடத் தட்டின் ஒழுங்குமுறையே பெரும்பாலும் தொல்லை தருகின்றது. கடையிலிருந்து வரும் சிறு நினைவகங்கள் பல பற்32 என்னும் பழைய முறையில் ஒழுங்குசெய்யப்பட்டவை. அம்முறையில் தனிக்கோப்பு ஒன்று 4 கிகாபைற்றை எட்டுதல் இயலாது. நமது படமோ 7.2 கிகாபைற்று. தட்டிலே நூற்றுக்கணக்கான கிகாபைற்று வெறுமையாகக் கிடக்கவும், படம் உள்ளே செல்ல மறுக்கும். வாயில் சிறிதாயிருப்பின், அறை எவ்வளவு பெரிதாயினும் பெட்டகம் உள்ளே போகாது அன்றோ? என்ரிஎப்எஸ் என்னும் விண்டோஸ் முறைக்கு இவ்வரையறை இல்லை. ஆனால் பழைய ரவுட்டர்களில் அதனைப் படிக்கவும் எழுதவும் தனித் துணைமென்பொருள் வேண்டும். அது ரவுட்டரின் மெலிந்த மூளையை வருத்தி வேகத்தைக் குறைக்கும். தட்டு நிரந்தரமாக ரவுட்டரிலேயே இருக்கப்போகின்றதாயின் எக்ஸ்ற்4 முறையே தக்கது. இன்னொன்று: பழைய பிரிப்பு அட்டவணை முறையில் 2 தெராபைற்றுக்கு மேற்பட்ட இடம் கணக்கிலேயே வராது. பெரிய தட்டு வாங்குவோர் ஜிபிரி என்னும் புதிய அட்டவணை முறையைக் கைக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மின்வலு. யூஎஸ்பி 2 துவாரம் வழங்கவேண்டிய மின்னோட்டம் 500 மில்லிஅம்பியர். யூஎஸ்பி 3 துவாரம் வழங்குவது 900. சுழலும் வன்தட்டோ ஓய்விலிருந்து எழும் கணத்தில் 500ஐத் தாண்டி உறிஞ்சுவதுண்டு. அப்போது தட்டு எழ முயன்று விழும், மீண்டும் முயலும், டிக், டிக் என்னும் ஓசை கேட்கும். சிலபோது ரவுட்டரே தளர்ந்து அணைந்தெழும். தட்டு பழுதென்று எண்ணி அதனைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. பசியால் வாடுகின்றது என்றே கொள்க. தனக்கென மின்னிணைப்புள்ள தட்டோ, தனி மின்னிணைப்புள்ள யூஎஸ்பிக் கிளைப்பெட்டியோ இக்குறையை நீக்கும்.

இனி, இம்மூன்று வைப்பிடங்களையும் இசைவித்து வாழும் முறையைச் சுருங்கக் கூறுகின்றேன். அட்டவணையை வேலை நினைவகத்திலிருந்து வன்தட்டுக்கு மாற்றுக; ரவுட்டர் நின்றெழுந்தாலும் அது நிலைத்திருக்கும். தட்டிலே சிறு பகுதியொன்றை மேசையின் நீட்சியாக, அதாவது மாற்று நினைவகமாக, வகுத்துக்கொள்க. வேகம் குறைவெனினும் நெருக்கடியில் உதவும். சேவையக மென்பொருளுக்கு உள்ளே இடம் போதாவிடின், மேற்கூறிய தாள் போன்ற பகுதியையே வன்தட்டுக்குப் பெயர்த்துவிடலாம். ஓப்பன்டபிள்யூஆர்டியில் இதற்கு வழியுண்டு. ஆனால் அதன்பின் அத்தட்டு ரவுட்டரின் மூளையில் ஒரு பகுதியாகிவிடுகின்றது. அதனைக் கழற்றிவிட்டு ரவுட்டரை இயக்கினால், தட்டைச் சேர்ப்பதற்கு முன்னிருந்த பழைய நிலைக்கே அது மீண்டுவிடும். இடையிற் செய்த அமைப்புகள் அதற்கு நினைவிராது. ஆகவே, அமைப்பு வேலைக்குச் சிறு பென்ட்றைவ் ஒன்றும், படங்களுக்கு வேறு தட்டும் என இரண்டாகப் பிரித்தல் நலம்.

ஒரு படத்தை ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றி வழங்கும் கடும்பணியை ரவுட்டரிடம் ஒப்படைக்கலாகாது. தொலைக்காட்சிப் பெட்டி ஏற்கும் முறையிலேயே கோப்புகளை முன்கூட்டியே ஆக்கிவைத்தல் வேண்டும். இச்சேவையகம் வீட்டினுள்ளோர் எவரிடமும் கடவுச்சொல் கேட்பதில்லை. ஆதலின் அதனைப் புறவுலகுக்குத் திறந்துவிடுதல் பெருந்தவறு.

நேயர்களே, இதுகாறும் நான் கூறியவை யாவும் அளவு பற்றிய குறைகள். அளவுக்குறையைப் பணத்தாலும் பொறுமையாலும் நீக்கிக்கொள்ளலாம். ஆனால் இவையனைத்தினும் பெரிய வரையறையொன்று உண்டு. எத்தனை தெராபைற்றுத் தட்டை வாங்கினாலும் அது நீங்குவதில்லை. அஃதாவது, ஒரு தட்டிலே இருப்பது ஒரே ஒரு பிரதி என்பதே.

சற்றே எண்ணிப் பாருங்கள். பாட்டனாரின் குரல் இருந்த ஒலிநாடா பூஞ்சணம் பிடித்து வீசப்பட்டுவிட்டது. அதிலிருந்து பெயர்த்தெடுத்த கோப்பு கைத்தொலைபேசியில் இருந்தது. இடம் போதாமையால் வன்தட்டுக்கு மாற்றப்பட்டு, தொலைபேசியிலிருந்து அழிக்கப்பட்டது. இப்பொழுது அக்குரல் உலகில் ஓரேயோர் இடத்தில் உள்ளது. ரவுட்டரின் முதுகிலே தொங்கும் தட்டிலே. வன்தட்டு என்பது இரவு பகலாகச் சுழலும் இயந்திரம். மூடிய அலுமாரிக்குள் நமது நாட்டின் வெப்பத்தில் அது ஓய்வின்றி இயங்குகின்றது. இயந்திரம் எதுவாயினும் ஒரு நாள் நிற்கும். நிற்கும் நாளை அது முன்னரே அறிவிக்க வேண்டும் என்னும் நியதியில்லை.

மின்வெட்டையும் எண்ணல் வேண்டும். 2022 மார்ச்சு மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்ற நாள்கள் நமக்கு நினைவிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் அறுந்தால், எழுத்து அரைகுறையாக நின்றுவிடும். எக்ஸ்ற்4 முறை இதற்கென ஒரு நாட்குறிப்பை வைத்திருக்கின்றது. நல்ல கணக்கப்பிள்ளை பணத்தைக் கொடுக்குமுன் ஏட்டிலே குறித்துக்கொள்வது போல, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் அதிலே குறித்துக்கொண்டு பின்னரே செய்கின்றது. இதனால் தட்டின் ஒழுங்கு பெரும்பாலும் காக்கப்படுகின்றது. ஆனால் அக்கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு காக்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. பழுதுற்ற தட்டை ஆராய்ந்து செப்பனிடும் மென்பொருளுக்கு வேலை நினைவகம் மிகுதியாக வேண்டும். தட்டு பெரிதாகப் பெரிதாக அத்தேவையும் கூடும். சிறிய ரவுட்டரால் தன் முதுகிலுள்ள பெரிய தட்டைத் தானே வைத்தியம் பார்க்க இயலாது. அதனைக் கழற்றிக் கணினியொன்றிற் பொருத்தியே பார்த்தல் வேண்டும். தான் சுமக்கும் பொருளைத் தானே பேண மாட்டாத சுமைகாரன் அது.

நம் முன்னோர் இவ்வுண்மையை ஓலைச்சுவடியிற் கண்டனர். ஓலை நிலையாது, செல் அரிக்கும், ஒடியும். ஆகையால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொள்வதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தனர். பல பிரதி உண்டான நூல்கள் வாழ்ந்தன. ஒரு பிரதியோடு நின்ற நூல்கள் அப்பிரதியோடு மறைந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏடுகளைத் தேடித்தேடி அச்சேற்றியது, எஞ்சியிருந்த பிரதிகள் அழியுமுன் அவற்றைப் பலவாக்கும் பொருட்டேயாம். ஓலையாயினும் தட்டாயினும் நியதி ஒன்றே: பெருகியது பிழைக்கும், தனித்தது தவிக்கும்.

ஆகவே, வேறெவ்விடத்தும் மீண்டும் கிடைக்காத பொருள் எது, கிடைக்கும் பொருள் எது என்று முதலிற் பிரித்துக்கொள்ளுங்கள். திரைப்படம் அழிந்தால் மீண்டும் பெறலாம். பாட்டியாரின் கதையை எவரிடம் பெறுவது? மீண்டும் பெற முடியாதவை பெரும்பாலும் அளவிற் சிறியவையே. எம்பி3 முறையில் ஒரு மணிநேரக் குரற்பதிவு 60 மெகாபைற்றுக்கும் குறைவு. அத்தகைய ஆயிரம் மணிநேரம் 64 கிகாபைற்றுப் பென்ட்றைவ் ஒன்றில் அடங்கிவிடும். இவற்றுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும்: ஒன்று ரவுட்டரின் தட்டிலே; ஒன்று மின்சாரத் தொடர்பின்றிப் பெட்டியில் உறங்கும் தட்டிலே; ஒன்று வேறூரிலோ வேறு நாட்டிலோ வாழும் சகோதரர் வீட்டிலே. நம் குடும்பங்கள் பல நாடுகளிற் பரந்து வாழும் இக்காலத்தில் இம்மூன்றாவது வழி நமக்கு எளிதாகவே வாய்த்திருக்கின்றது.

இரண்டு தட்டுகளை ஒருங்கே பொருத்தி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படுமாறு செய்துவிட்டால் போதாதா என்று சிலர் வினவுவர். போதாது. கைதவறி ஒரு கோப்பை அழித்தால், அவ்வழிவும் அக்கணமே இரண்டிலும் எழுதப்படும். கண்ணாடியிலே தோன்றும் உருவம் இரண்டாவது ஆள் ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது உறங்கும் தட்டை எழுப்பி, அதிலுள்ள கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்தலும் கடமை.

கருவிகள் வளர்ந்துகொண்டே வருகின்றன. 2024 இன் இறுதியில் ஓப்பன்டபிள்யூஆர்டி இயக்கத்தினர் தமது பெயரிலேயே முதலாவது ரவுட்டரை விற்பனைக்கு விட்டனர். அதில் வேலை நினைவகம் ஒரு கிகாபைற்று. சுழலும் பகுதியற்ற திண்மநிலைத் தட்டைப் பொருத்துவதற்கு உள்ளேயே ஓரிடமும் உண்டு. 4 மெகாபைற்றில் தொடங்கிய பயணம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. எனினும், தேவையும் உடன் வளர்வதால் அளவறிந்து வாழும் கடமை நம்மை விட்டு நீங்கவில்லை. வீட்டில் ஒருவர் பாட்டுக் கேட்கவும், மற்றொருவர் ஒரு படம் பார்க்கவும் ரவுட்டரும் ஒரு தட்டும் போதும். பலர் ஒரே நேரத்திற் பல படங்களைப் பார்க்க வேண்டுமாயின், அப்பணியைத் தனிக்கருவி ஒன்றிடம் ஒப்படைத்து, ரவுட்டரை அதன் பிறவித் தொழிலுக்கே விட்டுவிடுவதே முறை.

முடிவாகக் கூறுவது இது: பளிச்சீட்டு நினைவகத்தில் முறைமையை வையுங்கள், வேலை நினைவகத்தை வேலைக்கே விடுங்கள், படங்களையும் பாடல்களையும் போதிய மின்வலுவுள்ள தட்டில் வையுங்கள், மீண்டும் பெற முடியாதவற்றை ஒருபோதும் ஒரே தட்டை நம்பி வையாதீர்கள். தபால் ஊழியரின் மேசை கடிதங்கள் கடந்துசெல்லும் இடமேயன்றி அவை தங்கும் இடமன்று. உங்கள் ரவுட்டர் பாட்டனாரின் குரலை வீடெங்கும் கொண்டு சேர்க்கட்டும். அக்குரலைக் காக்கும் பொறுப்பை மாத்திரம் அதனிடம் விட்டுவிடாதீர்கள். அப்பொறுப்பு நம்முடையது.